கண்ணாடி வெட்டிய துறவி

மக்களே, ஐரோப்பாவோட பழைய தேவாலயங்கள்ல இருக்கிற வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை எல்லாரும் படத்துலயாவது பார்த்திருப்பீங்க. வெயில் உள்ளே வரும்போது தரையெல்லாம் சிவப்பும் நீலமுமா கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்து உருகினவங்க நிறைய எழுதியிருக்காங்க. ஆனா உலைக்கு முன்னாடி நின்னு, விரலை அறுத்துக்கிட்டு அதைச் செஞ்சவங்க மனசுல என்ன ஓடிச்சு? இதுக்குப் பதில் சொல்ற ஒரு பழைய புத்தகம் இருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

புத்தகத்தோட பேர் லத்தீன்ல 'தே திவெர்சிஸ் ஆர்திபுஸ்'. 'பல்வேறு கலைகள் பற்றி'ன்னு வெச்சுக்கலாம். 12-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜெர்மனிப் பக்கம் எழுதப்பட்டது. எழுதியவர் தன்னை தியோஃபிலஸ்னு சொல்லிக்கிறார். கடவுளை நேசிப்பவன்னு அர்த்தம், அதாவது புனைபெயர். (நம்ம பதிவர்களுக்கெல்லாம் முன்னோடி :-)) ஹெல்மார்ஸ்ஹவுசன் மடத்துல இருந்த ரோஜர் என்ற உலோகக் கலைஞர்தான் இவர்ங்கிறது பல ஆய்வாளர்களோட கருத்து. புத்தகம் மூணு பாகம்: ஓவியம், கண்ணாடி, உலோகம்.

இரண்டாம் பாகத்தைப் படிச்சா சமையல் குறிப்பு மாதிரியே இருக்கும். பீச் மரச் சாம்பல் ரெண்டு பங்கு, சுத்தமான மணல் ஒரு பங்கு. உலையில ஒரு பகலும் ஒரு இரவும் வறுத்து, அப்புறம் மண் பானைகள்ல போட்டு உருக்கணும். இங்கேதான் ஒரு அதிசயம். பீச் மரச் சாம்பல்ல மாங்கனீஸ் இருக்கு. அதனால தனியா எந்தச் சாயமும் போடாமலே பானைக்குள்ள நிறம் மாறிக்கிட்டே போகும். மஞ்சளாகும், இன்னும் சில மணி நேரம் விட்டா ஊதாவாகும். தியோஃபிலஸுக்கு மாங்கனீஸ் தெரியாது. அவர் சொல்றதெல்லாம் ஒண்ணுதான்: கவனிச்சுப் பார், என்ன நிறம் வருதோ அதை எடுத்துக்கோ. உலைக்குக் கட்டளை போட முடியாது, காத்திருக்கத்தான் முடியும்.

கண்ணாடி தயாரானதும் ஒரு பெரிய மரப்பலகையில சுண்ணாம்புக்கட்டியைச் சுரண்டிப் போட்டு, தண்ணி தெளிச்சு, துணியால தேய்க்கணும். காய்ஞ்ச பிறகு ஜன்னலோட அளவைக் குறிச்சு, அதுக்கு மேல ஈயத்தாலயோ தகரத்தாலயோ படம் வரையணும். (இப்படிப்பட்ட 14-ம் நூற்றாண்டுப் பலகைகள் ஸ்பெயின்ல ஜிரோனா பேராலயத்துல கிடைச்சிருக்கு.) அப்புறம் வெட்டு. வைர முனையெல்லாம் கிடையாது. பழுக்கக் காய்ச்சின இரும்பைக் கண்ணாடி மேல வெச்சு விரிசல் விடச் செய்வாங்க. முரண்டு பிடிச்சா? விரலால எச்சில் தொட்டு வெச்சுட்டு மறுபடியும் இரும்பு! பிறகு முகம், துணிமடிப்பு வரையற கருநிறப் பூச்சு. எரிச்ச செம்புத் தூளோட பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடி ரெண்டையும் பொடிச்சு, திராட்சை மதுவிலோ சிறுநீரிலோ அரைக்கணும். பூசி, சூளையில சுட்டு, ஈயப் பட்டைகளுக்கு நடுவுல துண்டுகளைப் பொருத்திப் பற்றவைக்கணும்.

தேவாலயத்துல ஒளிவிடற புனிதரோட முகத்துக்குப் பின்னாடி எச்சிலும் சிறுநீரும் சாம்பலும். இதையெல்லாம் அவர் கூச்சப்படாம எழுதியிருக்கார்.

சரி, இதுல ஆன்மிகம் எங்கேன்னு கேக்கறீங்களா? ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முன்னுரை எழுதியிருக்கார். மூணாவது முன்னுரைதான் உச்சம். பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளும் பட்டறைக்குள்ளேயே கிடைக்கும்ங்கிறார். ஆலோசனைங்கிற கொடை இருந்தா, தெரிஞ்ச வித்தையை ஒளிச்சு வைக்காம கத்துக் கொடுப்பே. வலிமை இருந்தா சோம்பலை உதறுவே. பக்தி இருந்தா யாருக்கு, எவ்வளவு, என்ன கூலிக்குன்னு அளவோட இருப்பே, பேராசை உள்ளே வராது. தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்கிறது சகஜமா இருந்த காலத்துல இவர் எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டு, பதிலுக்குக் கேட்ட கூலி ஒண்ணே ஒண்ணு. இதைப் பயன்படுத்தறவங்க எனக்காக ஜெபிக்கணும். அவ்வளவுதான்.

ஆனா அதே காலத்துல இதுக்கு நேர் எதிரா ஒரு குரல் எழுந்தது. கிளேர்வோ மடத்தின் புனித பெர்னார்ட் 1125 வாக்குல எழுதின ஒரு நூல்ல மடங்களோட ஆடம்பரத்தை விளாசித் தள்ளினார். சுவருக்குத் தங்கம், ஏழைக்கு ஒண்ணுமில்லையாங்கிறது அவர் கேள்வி. துறவி படிக்க வேண்டியது வேதத்தை, வேடிக்கைச் சிற்பங்களை இல்லை. அவரோட சிஸ்டெர்சியன் சபை, ஜன்னல் கண்ணாடி நிறமில்லாம இருக்கணும், சிலுவையோ படமோ கூடாதுன்னு விதியே போட்டுடுச்சு. தியோஃபிலஸின் முன்னுரைகளே இந்த மாதிரி விமர்சனத்துக்கு எழுதின பதில்தான்னு சில வரலாற்றாசிரியர்கள் நினைக்கிறாங்க.

இன்னொரு பக்கம், பாரிஸுக்குப் பக்கத்துல ஸான் தெனி மடத்தின் தலைவர் சூஜே. 1144-ல அவர் திறந்து வெச்ச புதுக் கருவறைப் பகுதி முழுக்க வண்ணக் கண்ணாடி. மந்தமான மனசு பொருளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உண்மைக்கு ஏறும்ங்கிறது அவர் கட்சி. ஆனா ஒரு ஜன்னல்ல மரியாளோட காலடியில தன் உருவத்தையும் பேரையும் சேர்க்க அவர் மறக்கலை :-)

யார் சொன்னது சரி? பெர்னார்டோட கேள்வி இன்னிக்கும் சுடுது, அதைச் சும்மா ஒதுக்கிட முடியாது. ஆனா அவர் பேசினது பார்க்கிறவனைப் பத்தியும் பணம் கொடுக்கிறவனைப் பத்தியும். தியோஃபிலஸ் பேசினது செய்யறவனைப் பத்தி. வேடிக்கை என்னன்னா, சிஸ்டெர்சியன் துறவிகளாலயும் சும்மா இருக்க முடியலை. பிரான்ஸ்ல ஒபாஸின் மடத்துக்குப் போனா, நிறமில்லாத கண்ணாடியிலேயே ஈயப் பட்டைகளை வளைச்சு வளைச்சுப் பின்னல் கோலமா போட்டிருக்கிறது இன்னிக்கும் இருக்கு. நிறத்தைத் தடுத்தாங்க, கையைத் தடுக்க முடியலை!

கடைசியா இன்னொருத்தர். மார்க் ஷகால். யூதர். நாஜிகளுக்குத் தப்பி 1941-ல பிரான்ஸை விட்டு அமெரிக்கா போனவர். உலகப்போர்ல குண்டுவீச்சில சிதைஞ்ச, ஜெர்மனியில மைன்ஸ் நகரத்து புனித ஸ்தேவான் தேவாலயத்துக்கு ஜன்னல் செஞ்சு தரணும்னு அங்கே பாதிரியாரா இருந்த கிளாவுஸ் மாயர் 1973-ல அவரை அணுகினார். ஷகால் கடைசியில சம்மதிச்சார். முதல் ஜன்னல் 1978-ல பொருத்தப்பட்டப்போ அவருக்கு வயசு 91. ரெய்ம்ஸ் பட்டறையில ஷார்ல் மார்க் கண்ணாடியைத் தேர்ந்து வெட்டிப் பொருத்த, அதுமேல கருநிறக் கோடுகளைத் தீட்டினது ஷகாலோட கைதான். மொத்தம் ஒன்பது ஜன்னல்கள், பெரும்பாலும் நீலம். 1985-ல 97 வயசுல காலமாகிற வரைக்கும் இந்த வேலை அவரோடவே இருந்தது.

தன் இனத்தை அழிக்க நினைச்ச நாட்டுல, தன் மதம் இல்லாத ஒரு கோயிலுக்கு, அந்த வயசுல. இதை ஜெபம்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

தியோஃபிலஸுக்கும் ஷகாலுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 850 வருஷம். ஆனா வேலை மாறலை: வெட்டு, தீட்டு, சுடு, ஈயத்துல கோத்துக் கட்டு. கண்ணாடி அவசரப்பட்டா உடையும், கோபப்பட்டா கிழிக்கும். பொறுமையை உபதேசமா கேட்டு மறந்துடலாம். அதையே தினமும் விரல் வழியா கத்துக்கிட்டா மறக்காதுன்னு தோணுது.

பெர்னார்ட் பக்கம் நிக்கிறவங்களும் இருப்பீங்க. பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க, காத்துக்கிட்டிருக்கேன்.