தப்பா வந்த வரைபடமும் ஒரு நகல் படகும்

யாரோ எப்பவோ எழுதி வச்ச கோடை எடுத்து, நம்ம தேவைக்குக் கொஞ்சம் மாத்தி ஓட்டுறதுதான் எங்க பொழப்பு. அதனாலயோ என்னவோ, 'துரியா'ங்கற படகோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதோட மூலம் நார்வே. புயல்ல மாட்டுற மீனவர்களை மீட்க காலின் ஆர்ச்சர் வடிவமைச்ச படகு 1893-ல கடல்ல இறங்குச்சு. பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே கூரா இருக்கும். பின்னாலேர்ந்து துரத்துற அலை அதுல பட்டு ரெண்டாப் பிரிஞ்சுடும். 1924-ல அமெரிக்காவுல வில்லியம் அட்கின் அதை 32 அடிக்குச் சுருக்கி 'எரிக்'னு ஒரு வரைபடம் போட்டார்.

அடுத்த காட்சி பம்பாய். வணிகக் கப்பல் அதிகாரி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனும் நண்பர்களும் தபால்ல கேட்டது வேற படகோட வரைபடம், வந்தது எரிக்! திருப்பி அனுப்ப நேரமில்ல. சரி, இதையே கட்டுவோம்னு தேக்குல கட்டினாங்க. அதுதான் 'சுஹைலி'. 1968 ஜூன்ல இங்கிலாந்துலேர்ந்து கிளம்பி, 312 நாள்ல, தனியா, எங்கயும் நிக்காம உலகத்தைச் சுத்தின முதல் ஆள் அவர்.

அந்தப் பயணத்தோட ஐம்பதாம் ஆண்டுப் போட்டிக்காக, அபிலாஷ் டோமி ஓட்டுறதுக்கு 2017-ல கோவாவுல கட்டின சுஹைலியோட நகல்தான் துரியா. ஜிபிஎஸ் பார்த்து ஓட்டக்கூடாது. செக்ஸ்டன்ட்ல சூரியனை அளந்துதான் வழி கண்டுபிடிக்கணும்.

2018 செப்டம்பர் 21. தெற்கு இந்தியப் பெருங்கடல்ல புயல். படகு புரண்டு பாய்மரங்கள் ஒடிஞ்சுது. அபிலாஷுக்கு முதுகெலும்புல அடி, எழுந்திரிக்கவே முடியல. மூணு நாள் கழிச்சு ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டுச்சு. துரியாவை அங்கயே விட்டுட்டாங்க.

தப்பா வந்த வரைபடம் ஜெயிச்சுது, தேடித் தேர்ந்தெடுத்துக் கட்டினது தொலைஞ்சுது. பழசைக் காப்பி அடிச்சா இதான் கதின்னு சொல்லலாம்தான். ஆனா அதே புயல்ல, வேற வடிவமைப்புல செஞ்ச ஃபைபர் படகோட பாய்மரமும் ஒடிஞ்சுது. அலை வடிவமைப்பு பார்த்து அடிக்கல.

நான் யோசிக்கிறது அந்த மூணு நாளைத்தான். புரண்ட படகு தானே நிமிர்ந்து, நகர முடியாத மனுஷனை வயித்துல வச்சுக்கிட்டு மிதந்துதே! ஆளைக் காப்பாத்தணும்னு நார்வேக்காரர் போட்ட வளைவு, நூத்திச் சொச்சம் வருஷம் கழிச்சும் அதே வேலையைச் செஞ்சுது. 2023-ல அபிலாஷ் வேற படகுல அதே போட்டியில ரெண்டாவதா வந்தார்.

இனிமே பழைய கோடை அழிக்கறதுக்கு முன்னாடி, எழுதினவன் எதுக்கு எழுதினான்னு ஒரு தடவை பார்த்துக்கணும் மக்கா :-)