உறுப்பின் வரிசையும் வேலையின் வரிசையும்: இயந்திரக் கையேடுகளின் வரலாறு

ஓர் இயந்திரத்துக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுத முற்படுவோர் முன் இரண்டு வரிசைகள் வந்து நிற்கின்றன. இயந்திரம் எந்தெந்த உறுப்புகளால் ஆனதோ அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குவது ஒன்று. அதை வாங்கியவர் முதல் நாள் தொடங்கி எந்த வேலையை எதற்குப் பின் செய்வாரோ அந்தப் போக்கிலேயே செல்வது மற்றொன்று. முன்னது இயந்திரத்தைச் செய்தவருக்கு இயல்பாக வருவது. பின்னதைத் தேடி அடைய வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைப் பராமரிப்பதற்காக 2020-களில் விற்பனைக்கு வந்துள்ள யார்போ போன்ற பல்பயன் ரோபோக்கள் இந்தப் பழைய சிக்கலைப் புதிய வடிவில் எழுப்பியுள்ளன. இவற்றில் ரப்பர்ப் பட்டையின் மேல் நகரும் உடல் ஒன்றுதான். புல் வளரும் காலத்தில் அதில் புல்வெட்டியும், இலையுதிர் காலத்தில் சருகு ஊதியும், குளிர்காலத்தில் பனி அகற்றும் கருவியும் மாறி மாறிப் பொருத்தப்படுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நூல் வேண்டுமா, கருவிக்கு ஒரு நூலாகப் பிரிப்பதா, கருவியை மாற்றிப் பொருத்தும் வேலையை எந்த நூலில் சொல்வது என்ற கேள்விகளுக்கு ஆறு நூற்றாண்டுக் காலமாகக் கிடைத்துவந்த விடைகளை அறியாமல் நல்ல கையேட்டை அமைப்பது கடினம்.

ஆங்கிலத்தில் கருவியொன்றைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய நூல்களுள் ஒன்று, கவிஞர் ஜெஃப்ரி சாசர் 1391-ஆம் ஆண்டளவில் எழுதிய அஸ்ட்ரோலேப் விளக்கம். அஸ்ட்ரோலேப் என்பது சூரியன், விண்மீன்கள் ஆகியவற்றின் உயரத்தை அளந்து நேரத்தையும் திசையையும் கணிக்க உதவிய வட்டத் தகட்டுக் கருவி. பத்து வயதுச் சிறுவன் லூயிஸுக்காக எழுதப்பட்ட இந்நூல், அவனுக்கு லத்தீன் அறிவு போதாது என்பதால் ஆங்கிலத்தில் அமைந்தது. ஆக்ஸ்ஃபோர்டு நகரின் அட்சரேகைக்கு ஏற்றபடி செய்யப்பட்ட அவனுடைய கருவியைக் கருத்திற்கொண்டே எழுதப்பட்டது. ஐந்து பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட நூலில் முதல் பகுதி கருவியின் வளையம், தகடு, ஊசி முதலிய உறுப்புகளை வரிசையாக விளக்க, இரண்டாம் பகுதி அவற்றைக் கொண்டு செய்யக்கூடிய கணிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்பிக்கிறது. உறுப்பு முதலில், வேலை பின்னர் என்ற இந்த அமைப்பு அடுத்த பல நூற்றாண்டுகளுக்குக் கையேடுகளின் வழக்கமாகவே நிலைத்தது. சொன்னதையே திரும்பச் சொல்வதற்குச் சாசர் முன்னுரையில் காட்டும் காரணம், ஒருமுறை சொல்லிக் குழந்தை மறந்துபோவதைவிட இருமுறை சொல்வது நல்லது என்பதாகும். படிப்பவர் யார் என்பதை எழுதுபவர் இவ்வளவு தெளிவாக மனத்தில் இருத்திய நூல்கள் பிற்காலத்தில்கூட அதிகம் இல்லை.

செய்தவர் அருகில் இல்லாத இடத்தில் இயந்திரம் ஓடவேண்டிய நிலை தொழிற்புரட்சியில் பெருகியது. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனும் ஜேம்ஸ் வாட்டும் நடத்திய நிறுவனம் தொடக்கத்தில் முழு நீராவி எந்திரத்தையும் தானே செய்து அனுப்பவில்லை. உருளையை வாங்குபவர் ஜான் வில்கின்சனின் வார்ப்பாலையிலிருந்து தருவித்துக்கொண்டார். வால்வுகள் போன்ற நுணுக்கமான உறுப்புகளை நிறுவனம் தந்தது. கட்டடமும் மரவேலையும் உள்ளூரில் முடிந்தன. பல கைகளிலிருந்து வந்த உறுப்புகள் ஒரே இடத்தில் ஒன்றுசேர வேண்டியிருந்ததால், 1779-வாக்கில் எந்திரத்தை நிறுவுவதற்கும் இயக்குவதற்குமான வழிமுறைகள் அச்சிட்டுத் தரப்பட்டன. நிறுவுதல் ஒரு வேலை, இயக்குதல் வேறொரு வேலை என்ற பாகுபாடு இங்கே தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் அச்சுத்தாளை மட்டும் நம்பி எந்திரம் நிற்கவில்லை. வில்லியம் முர்டாக் போன்ற நிறுவுநர்கள் கார்ன்வால் சுரங்கங்களுக்கு நேரில் சென்றே அதை ஓடவைத்தனர்.

வீட்டுப் புல்தரைக்கான இயந்திரம் 1830-இல் பிறந்தது. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகரை அடுத்த பகுதியில் வாழ்ந்த எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேற்பரப்பு இழைகளைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டு, அதே சுழல் கத்தி அமைப்பைப் புல்லுக்குப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றார். 1832-இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம் நிறுவனம் இதைத் தயாரிக்கும் உரிமம் பெற்றது. ஒரே வேலை செய்யும், கண்ணுக்குத் தெரியும் உறுப்புகளைக் கொண்ட இக்கருவிக்குப் பெரிய நூல் எதுவும் தேவைப்படவில்லை.

ஓர் உடலில் பல கருவிகளைப் பொருத்தும் எண்ணம் தோட்டத்துக்கு அமெரிக்காவில் வந்தது. மேற்கு வர்ஜீனியாவில் புகைப்படக் கலைஞராக இருந்த பெஞ்சமின் கிரேவ்லி 1916-இல் விசைக் கலப்பை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று, 1922-இல் அம்மாநிலத்தின் டன்பார் நகரில் நிறுவனம் தொடங்கினார். பின்னால் நடந்து செலுத்தும் அவருடைய சிறு டிராக்டர்களுக்குக் கலப்பை, புல்வெட்டி, பனி தள்ளும் தகடு எனப் பருவத்துக்கேற்ற இணைப்புக் கருவிகள் பல பின்னர் உருவாயின. இன்றைய பல்பயன் ரோபோவின் நேரடி முன்னோர் என்று இதையே கொள்ளலாம்.

பெரிய வயல்களில் இதே எண்ணம் இன்னும் ஆழமாகப் போனது. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1918-இல், எந்திரத்தின் சுழற்சியைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கடத்தும் தண்டுடன் டிராக்டரை விற்றது. தமிழ்நாட்டு உழவர்கள் இன்று பி.டி.ஓ. என்று குறிப்பிடுவது இதைத்தான். 1920-களில் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் அதன் சுழல் வேகத்துக்கும் அளவுக்கும் தரம் வகுத்தது. ஹாரி ஃபெர்குசன் கருவியை மூன்று புள்ளிகளில் பூட்டி, எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தித் தாழ்த்தும் இணைப்பை உருவாக்க, அது 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரிலும் 1946-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் உருவான டிஇ20 டிராக்டரிலும் பரவலானது. சென்னையில் 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸே ஃபெர்குசன் ஒத்துழைப்போடு இந்த மரபின் டிராக்டர்களை இந்தியாவில் தயாரித்தது.

இணைப்பு தரப்படுத்தப்பட்டதால் கையேட்டின் அமைப்பும் மாறியது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. பூட்டும் இடம் எல்லாக் கருவிக்கும் ஒன்றே என்றான பின், டிராக்டரின் நூல் பூட்டும் இடம் வரை சொல்லி நிறுத்திக்கொள்ள முடிந்தது. ஃபெர்குசன் கருவிகள் ஒவ்வொன்றும் தனக்குரிய சிறு நூலுடன் வந்தன. இதில் ஒரு குறையும் உள்ளடங்கியிருந்தது. டிராக்டருக்கும் கருவிக்கும் இடையே எழும் கோளாறு, எடுத்துக்காட்டாக ஒரு குறிப்பிட்ட கருவியைப் பூட்டும்போது மட்டும் முன்சக்கரம் எடை குறைந்து தூக்குவது, எந்த நூலுக்கு உரியது என்பது எளிதில் தீராத கேள்வி. பிரித்து எழுதும் கையேடுகள் எல்லாவற்றிலும் தகவல் தவறிப்போகும் இடம் இந்த இடைவெளிதான். ரோபோவின் கையேட்டை அமைப்பவர் முதலில் கண்வைக்க வேண்டியதும் இங்கேதான்.

இரு வரிசைகளையும் ஒன்றோடொன்று பின்னிய மிகச் சிறந்த ஏற்பாடு வானூர்தித் துறையில் உருவானது. அமெரிக்க வான் போக்குவரத்துச் சங்கம் 1956-இல் ஏடிஏ 100 என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. எந்த நிறுவனம் செய்த விமானமானாலும் அதன் பராமரிப்பு நூலில் 24-ஆம் அத்தியாயம் மின்சாரத்தைப் பற்றியதாகவும், 32-ஆம் அத்தியாயம் இறங்குசக்கரத் தொகுதியைப் பற்றியதாகவும் இருக்க வேண்டும் என்று அது வகுத்தது. அத்தியாயம் உறுப்பின் வரிசை. அதற்குள் பக்க எண்கள் வேலையின் வரிசை. முதல் 99 பக்கங்கள் விளக்கத்துக்கும், 101 முதல் கோளாறு கண்டறிவதற்கும், 401 முதல் கழற்றிப் பொருத்துவதற்கும், 501 முதல் சரிசெய்து சோதிப்பதற்கும் ஒதுக்கப்பட்டன. நூல் முழுவதும் அந்த எண்களை நிரப்ப வேண்டிய கட்டாயமில்லை. இடம் காலியாக விடப்பட்டது. ஆகவே புதிய செயல்முறை ஒன்று சேரும்போது பழைய எண்கள் குலையவில்லை. தனித்தாள்களாகக் கோக்கப்பட்ட நூலில் திருத்தம் வந்த தாளை மட்டும் எடுத்துவிட்டுப் புதிய தாளைச் செருகினால் போதும். அந்தத் தாள் எந்தெந்த விமானங்களுக்குப் பொருந்தும் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டது. வளர்ந்துகொண்டே போகும் பொருளுக்குரிய கையேட்டில் காலியிடமும் திட்டமிட்டு விடப்பட வேண்டிய ஒன்று என்ற அறிவு இந்த விதித்தொகுப்பின் பெரும் கொடை.

விமானப் பணிமனையில் இருப்பவர் பயிற்சி பெற்றவர். பயிற்சி இல்லாதவரின் கையில் இயந்திரத்தைக் கொடுக்கும்போது எழுந்த சிக்கல்களை வேறு சிலர் எதிர்கொண்டனர். அமெரிக்கத் தரைப்படை 1951-இல் தொடங்கிய பிஎஸ் என்னும் பராமரிப்பு மாத இதழில், சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் 1971 வரை ஊர்தியையும் துப்பாக்கியையும் பேணும் முறைகளைச் சித்திரக்கதையாகவே விளக்கினார். கணினியைப் பொறுத்தவரை, 1949-இல் பைனாக் கணினிக்கு ஜோசப் சாப்லின் எழுதிய நூல் கணினிப் பயன்பாட்டுக் கையேடுகளுள் முதலாவதாகக் கருதப்படுகிறது.

கணினி அலுவலகங்களுக்குள் நுழைந்த பிறகு நிலைமை முற்றிலும் மாறியது. ஐபிஎம் ஆய்வகத்தில் 1980-களில் பணியாற்றிய ஜான் கரோல், சொற்செயலிகளைத் தாமே கற்க முயன்ற அலுவலகப் பணியாளர்களை அருகிருந்து கவனித்தார். சொற்செயலி என்பது எழுத்துவேலைக்கான கணினி. அந்தப் பணியாளர்கள் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கவில்லை. முன்னுரைகளைத் தாண்டி, தம் வேலையை உடனே செய்ய முயன்று, இடையில் தவறி, அந்தத் தவற்றிலிருந்து மீளும் வழி நூலில் எங்கும் இல்லாததால் தவித்தனர். இதைப் படிப்பவரின் அலட்சியம் என்று ஒதுக்காமல், மனிதர் கற்கும் இயல்பே இதுதான் என்று கரோல் கொண்டார். அவர் உருவாக்கிய சுருக்கக் கையேடு முன்னுரைகளை வெட்டியது. உண்மையான ஒரு வேலையில் நேராகத் தொடங்கியது. தவறு நேரும் இடத்திலேயே அதை அடையாளம் காணும் வழியையும் மீளும் வழியையும் வைத்தது. இந்த ஆய்வுகளை அவர் 1990-இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, மாணவர் தலைக்குள் அறிவை ஊற்றிவிடலாம் என்ற பழைய ஜெர்மானியக் கற்பனையான நியூரம்பெர்க் புனலைக் குறிப்பது. சாசர் சிறுவனுக்காக இருமுறை சொன்னதும் கரோல் எழுத்தருக்காகப் பாதியை வெட்டியதும் ஒரே அக்கறையின் இருவேறு முடிவுகள்.

கரோலுக்கு முன்பே ராபர்ட் ஹார்ன் 1960-களில் தகவலைச் சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயரிடும் முறையை முன்வைத்திருந்தார். இதன் தொடர்ச்சியாகவே ஐபிஎம் உருவாக்கி, 2005-இல் ஓயேசிஸ் என்னும் தர அமைப்பின் வழி வெளியான டிட்டா முறையைப் பார்க்கலாம். இதில் நூல் என்பது இல்லை. தலைப்புகள் மட்டுமே உண்டு. ஒரு தலைப்பு செயல்முறையைச் சொல்லும், அல்லது கருத்தை விளக்கும், அல்லது அளவுகளையும் பட்டியல்களையும் தரும். மின்கலத்தைப் பாதுகாப்பாகக் கழற்றும் முறை ஒருமுறை மட்டும் எழுதப்பட்டு, தேவைப்படும் கையேடுகளிலெல்லாம் எடுத்தாளப்படும். அதில் திருத்தம் செய்தால் எல்லா இடங்களிலும் திருந்தும். பல கருவிகள் ஒரே உடலைப் பகிரும் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இதுவரை அமையவில்லை.

இதற்கிடையே புல்வெட்டியும் தானே நகரத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெல்லிங்கர் 1969-இல் கொண்டுவந்த மோபாட், நிலத்தில் புதைத்த கம்பியின் எல்லைக்குள் மின்கலத்தால் ஓடியது. ஸ்வீடனின் ஹுஸ்க்வார்னா நிறுவனம் 1995-இல் சூரிய ஆற்றலால் இயங்கும் புல்வெட்டியை வெளியிட்டது. இவற்றின் வரவால் கையேட்டின் எடை இடம்பெயர்ந்தது. பட்டிங்கின் கருவியில் எல்லா வேலையும் ஓட்டுவதில் இருந்தது. ரோபோவில் ஓட்டும் வேலையே இல்லை, எல்லாம் அதற்கு முந்தைய ஏற்பாட்டில் இருக்கிறது. கம்பியை எங்கே புதைப்பது, மரத்தைச் சுற்றி எப்படி வளைப்பது, சரிவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பவை முதல் பக்கங்களைப் பிடித்துக்கொண்டன. அண்மைய ரோபோக்களில் கம்பி மறைந்து, நிலையாக நட்ட ஓர் ஏற்பி செயற்கைக்கோள் குறிப்புகளுக்கான திருத்தங்களை அனுப்ப, சில சென்டிமீட்டர் துல்லியத்தில் இடமறியும் ஆர்.டி.கே. முறை வந்திருக்கிறது. அந்த ஏற்பியைத் திறந்த வானத்தின் கீழ் நடுவதும், ரோபோவை எல்லையோரம் ஓட்டி வரைபடம் பதிவதும் வீட்டுக்காரரின் பொறுப்பாகியுள்ளன. வாட்டின் காலத்தில் முர்டாக் செய்த நிறுவும் பணி இன்று எந்தப் பயிற்சியும் பெறாத வாங்குபவர் மேல் விழுந்திருக்கிறது.

ஆகவே இத்தகைய ரோபோவின் ஆவணம் உடலுக்கும் ஏற்பிக்கும் பொதுவான நிறுவும் பகுதி, ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பகுதி, பருவம் மாறும்போது கருவியை மாற்றும் பகுதி என்று பிரிவதே வரலாறு காட்டும் வழி. அவற்றுள் மூன்றாவதைத் தனியே எழுத வேண்டும். புல்தரைக்காக வரைந்த எல்லை பனி மூடிய வண்டிப்பாதைக்குப் பொருந்தாது என்பது போன்ற செய்திகள் உடலின் நூலிலும் இல்லை, கருவியின் நூலிலும் இல்லை. இயக்குபவர் தாமே பொருத்தி இயந்திரத்தின் பணியை மாற்றும் சாதனத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு இயந்திர நெறிமுறை தனி வகையாக வரையறுத்து, முழு இயந்திரத்துக்குரிய கடமைகளை அதன்மேல் சுமத்தியது. அதாவது பனி அகற்றும் கருவி மட்டும் விற்கப்பட்டாலும் அதற்குரிய வழிமுறைகள் உடன்வர வேண்டும். மென்பொருள் இணையம் வழியே புதுப்பிக்கப்படுவதால், வாங்கியபோது இருந்த இயந்திரமும் ஓராண்டு கழித்து இருக்கும் இயந்திரமும் ஒன்றல்ல. எந்தப் பக்கம் எந்தப் பதிப்புக்குரியது என்று ஏடிஏ தாள்களில் இருந்ததுபோல் ஒவ்வொரு தலைப்பிலும் குறிக்காவிட்டால் கையேடே தவறான வழிகாட்டியாகிவிடும். மின்வடிவக் கையேடுகளை ஏற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு இயந்திர ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வருகிறது; வாங்கும்போது கேட்பவருக்கு அச்சுப்படியை இலவசமாகத் தரவேண்டும் என்றும், தொழில்முறையல்லாத பயனருக்கான இயந்திரங்களில் பாதுகாப்பாக இயக்கத் தொடங்குவதற்கு இன்றியமையாத செய்திகள் தாளிலேயே தரப்பட வேண்டும் என்றும் அது விதிக்கிறது.