பதினேழு திர்ஹம்களில் ஒரு முதுமை

கை ஓய்ந்த பின் யார் கையை எதிர்பார்த்து நிற்பது என்னும் கேள்வி, வயது ஐம்பதைத் தாண்டிய ஒவ்வொரு குடும்பத் தலைவருடைய உறக்கத்தையும் ஒருநாளேனும் கெடுத்திருக்கும். பிள்ளைகள் நல்லவர்களாய் இருக்கலாம். ஊரார் மதிப்புள்ளவர்களாய் இருக்கலாம். ஆயினும் அக்கேள்வி கேள்வியாகவே நிற்கும். மார்க்கம் அறிந்தோருள்ளும் சிலர், நாளைய செலவுக்கென இன்றே எடுத்து வைப்பது 'தவக்குல்' என்னும் இறைநம்பிக்கைக்கு மாறானது எனக் கருதி இக்கேள்வியையே ஒதுக்கிவிடுவர். அவர்களுக்கு விடையாக ஒரு நபிமொழிச் செய்தி உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டங்களின் பேரீச்சங்கனிகளை விற்று, தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்குரிய உணவை ஒதுக்கி வைப்பார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் குடும்பச் செலவு பற்றிய பகுதியிலேயே இடம்பெற்றுள்ளது. தவக்குலின் தலைமைப் பேராசானாய் விளங்கிய அண்ணலாரே ஓராண்டுக் கணக்கு வைத்திருந்தார்கள் எனின், நாம் நம் கணக்கை எழுத நாணுவது எதற்கு?

அந்த எளிய இல்லத்தில் சிறு சுவைகளுக்கும் இடமிருந்தது. இனிப்பும் தேனும் அண்ணலாருக்கு விருப்பமானவை. நறுமணத்தை எவர் அளித்தாலும் மறுத்ததில்லை. பேரீச்சம் பழத்தோடு வெள்ளரிக்காயைச் சேர்த்து உண்டதுண்டு. மதீனாவின் பள்ளிவாயிலுக்கு எதிரே அபூதல்ஹா (ரலி) அவர்களுக்கு 'பைருஹா' என்னும் தோட்டம் இருந்தது. அதனுள் சென்று அங்குள்ள நன்னீரைப் பருகி மகிழ்வார்கள். இரண்டு நாள் பயணத் தொலைவிலிருந்த 'ஸுக்யா' என்னும் ஊற்றிலிருந்தும் அன்னாருக்குத் தண்ணீர் கொணரப்பட்டதாக அபூதாவூதில் காண்கிறோம். அடுப்பு எரியாத நாள்கள் பலவற்றைக் கண்ட இல்லம் அது. அங்கும் நல்ல தண்ணீர் தேடி வரவழைக்கப்பட்டது. துறவு என்றால் உப்பு நீரைத்தான் குடிக்க வேண்டும் என நம்மவருள் யாரோ கற்பித்துவிட்டனர் போலும்!

இந்த அடிப்படையில் நின்று, முதுமையைச் சிறு வருவாய்க்குள் அமைத்துக்கொண்ட பெருமக்களின் வாழ்வை வரலாற்றில் தேடுவோமாயின், முதலில் கண்ணிற்படுபவர் ஸல்மானுல் பார்ஸி (ரலி) அவர்கள். மதாயின் நகரின் ஆளுநராக இருந்தபோது அன்னாருக்குரிய உதவித்தொகை 5000 திர்ஹம். அதனை வந்தவுடன் அறவழியில் கொடுத்துவிட்டு, பேரீச்ச ஓலை முடைந்து பிழைத்தார்கள். ஒரு திர்ஹமுக்கு ஓலை வாங்குவார்கள். முடைந்து மூன்று திர்ஹமுக்கு விற்பார்கள். ஒரு திர்ஹம் மீண்டும் ஓலைக்கு. ஒரு திர்ஹம் குடும்பத்துக்கு. ஒரு திர்ஹம் தருமத்துக்கு. இப்னு ஸஅது இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். இதனினும் எளிதான வரவு செலவுத் திட்டத்தை யாம் எங்கும் படித்ததில்லை. முதல் கரையாமல் காக்கப்பட்டிருப்பதே இக்கணக்கின் உயிர் என்பதை வணிகம் செய்வோர் எளிதில் உணர்வர்.

எனினும் ஸல்மான் (ரலி) அவர்களின் மனவுறுதி எல்லார்க்கும் வாய்ப்பதன்று. மனைவி மக்கள், பேரன் பேத்தி, கடன், உறவினரின் மனத்தாங்கல் ஆகிய அனைத்தும் சூழ்ந்த ஒரு குடும்பத்தில், கூட்டியும் கழித்தும் வாழ்ந்த ஒருவரின் வரலாறே நமக்கு நெருக்கமானது. அத்தகையவர் இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்).

அன்னார் ஹிஜ்ரி 164-இல் (கி.பி. 780) பக்தாதில் பிறந்தார். தந்தை இளமையிலேயே காலமானார், தாயே வளர்த்தார். தந்தை விட்டுச் சென்றவை, குடியிருக்க ஒரு வீடும், துணி நெய்வோர் தொழில் புரியும் சில கூடங்களும். அக்கூடங்களை வாடகைக்கு விட்டு, அவ்வாடகையிலேயே இமாமவர்கள் ஆயுளைக் கழித்தார். மாத வருவாய் 17 திர்ஹம் என இப்னு கஸீர் குறிக்கின்றார். ஒரு திர்ஹமின் நிலையான எடை மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 17 திர்ஹம் என்பது ஏறத்தாழ 50 கிராம் வெள்ளி. பழைய கணக்கில் நான்கு தோலாவுக்குச் சற்று மேல். இதனைக் கொண்டு ஒரு குடும்பம் நடந்தது.

வாடகை போதாத காலங்களில் கைத்தொழிலை நாடினார். யமன் நாட்டுக்கு ஹதீஸ் கற்கச் சென்றபோது வழிச்செலவு தீர்ந்துவிட, ஒட்டகக்காரர்களிடம் கூலிக்கு வேலை செய்தார். ஆசிரியர் அப்துர் ரஸ்ஸாக் அளிக்க முன்வந்த பொற்காசுகளை ஏற்கவில்லை. மக்காவில் உடைகள் களவு போயின. தோழர் ஒருவர் பணம் கொடுத்தபோது நன்கொடையாகவும் வேண்டாம், கடனாகவும் வேண்டாம் என்று கூறி, ஒரு தீனாருக்குப் பிரதி எழுதிக் கொடுத்து அக்கூலியில் துணி வாங்கி உடுத்தார். கற்ற கையெழுத்து கடைசிவரை கைவிடாத மூலதனம் என்பது நம் பழைய மத்ரஸா ஆசிரியர்களுக்கும் தெரிந்தே இருந்தது. அவர்களுட் பலர் புத்தகம் கட்டியும் பிரதி எழுதியும் பிழைத்தவர்களே.

இவ்வளவு இறுக்கிப் பிடித்த வாழ்வில் சுவை ஏதும் இருந்ததா? மூத்த மகனார் ஸாலிஹ் ஓர் அரிய குறிப்பைத் தந்துள்ளார். தந்தையார் மாதுளையோ சீமை மாதுளையோ வேறு கனிகளோ வாங்கியதைத் தாம் கண்டதில்லை என்கிறார். ஆனால் ஒன்றை விலக்காகச் சொல்கிறார். 'பித்தீகு' வாங்குவார், அதனை ரொட்டியோடு சேர்த்து உண்பார். சில வேளை திராட்சையோ பேரீச்சையோ வாங்குவார். 'பித்தீகு' என்னும் அரபுச் சொல் தர்ப்பூசணிக்கும் முலாம்பழத்துக்கும் பொதுவாக வழங்குவது. எதுவாயினும், பக்தாதின் கோடை வெயிலில் ரொட்டிக்குத் தொடுகறியாக ஒரு கீற்றுப் பழம்! வெறும் ரொட்டியும் வினிகருமாக நாள் கழித்த வீட்டில் அது விருந்தாகவே இருந்திருக்கும். விலையுயர்ந்த கனிகளை விட்டுவிட்டு, பருவத்தில் மலிந்து கிடப்பதைத் தேர்ந்துகொண்ட இந்த நாவின் அறிவு வியக்கத்தக்கது.

மற்றொரு சான்று அன்னாரின் மாணவர் மைமூனியுடையது. அஹ்மதைவிடத் தூய ஆடை உடுத்தியவரையும், மீசையையும் தலைமுடியையும் அவர்போல் பேணியவரையும் தாம் கண்டதாக நினைவில்லை என்கிறார். ஆடை முரடாகவும் மலிவாகவும் இருக்கலாம். வெளுத்த வெண்மையோடு இருந்தது. வறியவர் அழுக்காய் இருந்தால்தான் அவருடைய வறுமையை நம்புவோம் என்பார் எக்காலத்திலும் உளர்.

உள்ளதை உண்டு சும்மா இரு என்று அன்னார் யாருக்கும் சொன்னதுமில்லை. தாம் ஒன்றும் செய்யாமல் பள்ளியில் அமர்ந்திருந்தால் இரணம் தானே தேடிவரும் என்று கூறுபவனைப் பற்றி வினவப்பட்டபோது, அவன் கல்வியை அறியாதவன் என்று விடையளித்தார். பறவைகள் காலையில் இரை தேடிப் புறப்படுவதை எடுத்துக் காட்டினார். கடைவீதியை விட்டு அகலாதே என்று வணிகர்களுக்கு அறிவுரை கூறினார்.

இனி, இப்பதினேழு திர்ஹமுக்கு வந்த சோதனையைக் காண்போம்.

ஹிஜ்ரி 218-இல் (கி.பி. 833) கலீஃபா மஃமூன் தொடங்கிவைத்த கொள்கை விசாரணையில் இமாமவர்கள் சிறைப்பட்டதும், முஃதஸிமின் முன்னிலையில் கசையடி பட்டதும் நம் பிள்ளைகளும் அறிந்தவை; விரித்துரைக்க வேண்டுவதில்லை. கசையடியைவிடக் கடினமாய் அமைந்தது முத்தவக்கிலின் அன்பு. ஹிஜ்ரி 232-இல் ஆட்சிக்கு வந்த அவர் விசாரணையை நிறுத்தினார். இமாமைப் பெருமைப்படுத்த விரும்பினார். 10,000 திர்ஹம் கொண்ட பணமூட்டை ஒருநாள் இமாமின் வீடு தேடி வந்தது. மறுத்தால் கலீஃபாவின் ஐயத்துக்கு ஆளாக நேரும் என்று எச்சரிக்கப்பட்டதால் வாங்கி வைத்தார், இரவெல்லாம் உறங்கவில்லை. விடியலில் முஹாஜிர்கள், அன்ஸாரிகள் ஆகியோரின் வழித்தோன்றல்களுக்கும் ஏழைகளுக்கும் பகிர்ந்தளித்தார். பணம் வந்த பையையும் கொடுத்துவிட்டார். அப்போது ஸாலிஹின் சிறுமகன் ஓடிவந்து, ஒரு திர்ஹம் தருமாறு கேட்டான். பாட்டனார் ஸாலிஹை ஏறிட்டுப் பார்த்தார். ஸாலிஹ் தம் மடியிலிருந்து ஒரு காசை எடுத்துக் கொடுத்தார். பத்தாயிரத்தில் ஒன்றுகூடப் பேரனின் கைக்குப் போகவில்லை.

அதன்பின் ஹிஜ்ரி 237-இல் ஸாமர்ராவுக்கு அழைக்கப்பட்டார். அப்போது அகவை எழுபதைத் தாண்டிவிட்டது. தமக்கு ஒதுக்கப்பட்ட மாளிகை ஈதாக் என்னும் தளபதிக்குரியதாயிருந்தது என அறிந்ததும், வாடகைக்கு வேறு வீடு பிடிக்கச் செய்து அங்குச் சென்றார். நாள்தோறும் அரண்மனையிலிருந்து உணவு வந்தது. கனிகளும் பனிக்கட்டியும் வந்தன. ஒரு நாள் உணவின் மதிப்பு 120 திர்ஹம். அதாவது, பக்தாதில் ஏழு மாத வாடகை ஒரு பகலில் விரிப்பின் மேல் பரப்பப்பட்டது. இமாமவர்கள் அதில் ஒன்றையும் தொடவில்லை. தொடர்ந்து நோன்பிருந்து, சிறிது சத்துமாவு உண்டு உயிர் தரித்தார். குடும்பத்துக்கு மாதம் 4000 திர்ஹம் என ஆணை பிறந்தது. இமாம் தடுத்துப் பார்த்தார். இது உம் மக்களுக்குத்தானே, உமக்கன்றே என்று கலீஃபா விடை கூறிவிட்டார். அந்த ஒரு மாதத் தொகையைத் தம் வாடகையிலிருந்து ஈட்ட, இமாமுக்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

மக்கள் வாங்கிக்கொண்டனர். ஸாலிஹும் அப்துல்லாஹ்வும், சிறிய தந்தையார் இஸ்ஹாக்கும் வாங்கினர். இமாம் கடிந்தார், அவர்கள் தங்கள் தேவையைச் சொன்னார்கள். ஊர் திரும்பிய பின் அவர்களோடு பேசுவதை நிறுத்தினார். தம் வீட்டுக்கும் மக்கள் வீட்டுக்கும் இடையிலிருந்த வாயிலை அடைத்தார். சிறிய தந்தையாரின் பின்னால் தொழுவதையும் விட்டார். நோயுற்றபோது மருந்துக்காக ஒரு சுரைக்காயைச் சுட வேண்டியிருந்தது. ஸாலிஹ் வீட்டு அடுப்பில் சுடலாம் என்றபோது அதற்கும் இசையவில்லை.

இவ்விடத்தில் ஸாலிஹின் பக்கத்தையும் நாம் கேட்க வேண்டும். அவர் குடும்பம் பெரிது; ஈகைக் குணம் வேறு; கடனும் இருந்தது. பிற்காலத்தில் இஸ்பஹானில் காழி பதவியை ஏற்றதும் கடனுக்காகவும் பிள்ளைகளுக்காகவுமே. நியமன ஆணை படிக்கப்பட்டபோது, தாம் உடுத்தியிருந்த கறுப்பு ஆடையில் தம் தந்தை தம்மைக் கண்டிருந்தால் என்ன நினைப்பார் என எண்ணி அழுதார் என்பது வரலாறு. தந்தையின் தரத்துக்கு உயர முடியாத மகனைப் பழிப்பது எளிது. இமாமவர்களே அப்பணத்தை ஹராம் என்று சொல்லவில்லை; அதனைக் கொண்டு ஹஜ்ஜு செய்யலாமா என்று மகன் கேட்டபோது ஆம் என்றே கூறினார். தமக்கு வேண்டாம் என்றது பேணுதலினால் மட்டுமே. ஆகவே மக்கள் மார்க்க வரம்பை மீறியவரல்லர். தந்தை தம் வரம்பைக் குறுக்கிக்கொண்டவர். ஒரே கூரையின் கீழ் இரு கணக்குகள் நடக்கும்போது எழும் துயரம் இது. இன்றும் பல வீடுகளில் முதியவரின் சிறு வருவாயும் மக்களின் பெரு வருவாயும் இப்படித்தான் ஒன்றையொன்று முகம் பாராமல் வாழ்கின்றன.

மூன்று நூற்றாண்டுகள் நிறைவதற்குள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இதே சிக்கலை வேறொரு வழியில் தீர்த்தார். ஹிஜ்ரி 488-இல் (கி.பி. 1095) பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியப் பதவியைத் துறந்தபோது, செல்வத்தைப் பகிர்ந்தளித்தார், எனினும் பிள்ளைகளின் உணவுக்குப் போதுமானதை நிறுத்திக்கொண்டார். ஈராக்கின் வருவாய் முஸ்லிம்களின் பொதுநலனுக்கு வக்ஃபாக விடப்பட்டது, அறிஞன் தன் குடும்பத்துக்கென எடுத்துக்கொள்ள அதனினும் தக்க பொருளைத் தாம் கண்டதில்லை என்று தம் தன்வரலாற்றில் காரணமும் காட்டுகின்றார். அடுத்த ஆண்டு இப்ராஹீம் நபியின் (அலை) அடக்கத்தலத்தில், இனி அரசர் பொருளை ஏற்பதில்லை, அரசவை செல்வதில்லை, வாதம் புரிவதில்லை என உறுதி பூண்டார். இறுதியில் சொந்த ஊரான தூஸில், வீட்டின் அருகே மாணவர்க்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு தங்குமனையும் அமைத்து, குர்ஆன் ஓதலிலும் கற்பித்தலிலும் பொழுதைப் பங்கிட்டு வாழ்ந்து, ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்தார். மரபுவழிச் சொத்தும் சொந்த ஈட்டமும் அவருக்கும் குடும்பத்துக்கும் போதுமானதாயிருந்தன என்று அவரை நேரில் அறிந்த அப்துல் காஃபிர் எழுதுகிறார்.

கஸ்ஸாலியின் ஓய்வுக்கு ஒரு மத்ரஸா துணை நின்றது போல, அஹ்மதின் இல்வாழ்வுக்கு 'முஸ்னது' துணை நின்றது. 27,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்களைக் கொண்ட அப்பெருநூலை ஸாலிஹ், அப்துல்லாஹ், இஸ்ஹாக்கின் மகன் ஹன்பல் ஆகிய மூவருக்கு மட்டும் முழுமையாக வாசித்துக் காட்டினார். பணத்தில் பிரிந்த அதே குடும்பத்தார்தாம் கல்வியில் வாரிசாயினர். பொது அவையில் ஹதீஸ் சொல்வதை அன்னார் இறுதி ஆண்டுகளில் நிறுத்திக்கொண்ட பின், உலகுக்கு முஸ்னது கிடைத்தது அப்துல்லாஹ்வின் வழியாகவே.

ஹிஜ்ரி 241, ரபீவுல் அவ்வல் மாதம் வெள்ளிக்கிழமை இமாமவர்கள் காலமானார் (கி.பி. 855). ஒரு கந்தல் துணியில் முடிந்து வைத்திருந்த சில வெள்ளித் துண்டுகளே கைப்பொருள். ஏதோ ஒரு சத்தியத்தின் குற்றப்பரிகாரம் நிறைவேறாமல் இருக்கலாம் என்று கருதி, பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். முன்னரே எழுதி வைத்த வஸிய்யத்தில் பணம் பற்றிய வாசகம் இரண்டே. ஃபூரான் என்னும் தோழருக்குத் தாம் ஏறத்தாழ 50 தீனார் கடன்பட்டிருப்பதாகவும், அவர் சொல்லும் தொகையை நம்பி ஏற்று, வீட்டு வாடகையிலிருந்து தீர்க்க வேண்டும் என்றும் ஒன்று. கடன் தீர்ந்த பின், அதே வாடகையிலிருந்து ஸாலிஹின் பிள்ளைகளுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், தலைக்குப் பத்து திர்ஹம் கொடுக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று.