இசைத்தட்டின் உறையும் அருங்காட்சியகமும்

இசைத்தட்டைத் தூசியினின்றும் கீறலினின்றும் காப்பதே அதன் உறையின் கடமையென நெடுங்காலம் கருதப்பட்டது. 1940ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்திற் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ் என்னும் இளைஞர் ஓவிய உறைகளை ஆக்கத் தொடங்கும்வரை, பெரும்பாலான தட்டுகள் வெற்றுறைகளிலேயே விற்பனையாயின. 1948இல் நெடுநேரம் ஒலிக்கும் தட்டு வந்தபின், 12 அங்குலச் சதுர அட்டையொன்று ஓவியருக்கு வாய்த்தது.

2003ஆம் ஆண்டிலே, இலண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் பீற்றர் சவில் என்பாரின் ஆக்கங்களை ஒருங்கே காட்சிக்கு வைத்தது. றொக் இசைத்தட்டுகளின் உறைகளே அவருக்குப் புகழ் தேடித்தந்தவை. 1955இற் பிறந்த சவில், மான்செஸ்ரர் நகரிற் பயின்று, அங்கு 1978இல் எழுந்த 'பக்ரறி' இசைத்தட்டு நிலையத்தின் நிறுவுநருள் ஒருவரானார்.

விற்பனைப் பொருளின் உறைக்கு அருங்காட்சியகத்தில் இடமுண்டோ என்னும் வினா நியாயமானதே. அதற்கு மூன்று உறைகள் விடை பகர்கின்றன.

1967இல் கேம்பிறிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜொசலின் பெல், விண்ணிலிருந்து ஒழுங்கான இடைவெளியில் வரும் வானொலித் துடிப்புக்களைக் கண்டறிந்தார். அவ்விண்மீனின் 80 துடிப்புக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து காட்டும் படமொன்றை ஹரல்ட் கிராஃப்ற் என்பார் 1970இல் தம் ஆய்வேட்டிற் சேர்த்தார். பின்னர் அது வானியற் கலைக்களஞ்சியமொன்றிலும் இடம்பெற்றது. 'ஜோய் டிவிஷன்' இசைக்குழுவினர் அதனைக் கண்டெடுத்துச் சவிலிடம் கொடுத்தனர். வெண்தாளிலிருந்த கருங்கோடுகளை அவர் கருநிலத்தில் வெண்கோடுகளாக்கினார். 1979இல் வெளிவந்த 'அன்னோன் பிளெஷர்ஸ்' தட்டின் முகப்பில் குழுவின் பெயருமில்லை, தட்டின் பெயருமில்லை.

அடுத்த தட்டான 'குளோசர்' உறைக்கு, இத்தாலியின் ஜெனோவா நகர்க் கல்லறைச் சிற்பமொன்றின் புகைப்படம் தெரிவாயிற்று. தட்டு வெளிவருமுன், 1980 மே 18இல், குழுவின் பாடகர் இயன் கேட்டிஸ் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 23. படம் முன்னரே தெரிவானதெனினும், சாவை வைத்து வாணிகஞ் செய்கின்றனர் என்னும் பழி வருமோவென்ற அச்சம் எழுந்தது. உறை மாற்றப்படவில்லை. அவ்வாண்டு ஜூலையில் அது கடைகளுக்கு வந்தபொழுது, கேட்டோர் அதனை இரங்கற் கல்லாகவே கண்டனர்.

எஞ்சியோர் 'நியூ ஓடர்' என்னும் பெயருடன் தொடர்ந்தனர். 1983இல் அவர்தம் தட்டொன்றுக்குப் பிரெஞ்சு ஓவியர் ஃபான்தன் லத்தூர் 1890இல் தீட்டிய ரோசாக் கூடையைச் சவில் எடுத்தாண்டார். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திற்குரியது அவ்வோவியம். அதன் மூலையில், படித்தறியவேண்டிய நிறக் குறியீடொன்றையும் பதித்தார்.

இம்மூன்றிலும் மூலப்படத்தைச் சவில் தம் கையால் வரைந்தாரல்லர் என்பது குறையாகக் கூறப்படலாம். ஆயினும், ஓவியக்கூடத்தின் வாயிலை மிதியாத இளைஞனின் அறைக்கு விண்மீனையும் சிற்பத்தையும் ரோசாவையும் கொண்டுசேர்த்தது அவரது தெரிவே. தெரிதலும் ஒரு கலை. அதற்கு அருங்காட்சியகத்தில் இடமளித்தது தகும். அச்சுவரிலே தெரிந்தவரின் பெயரோடு, விண்மீனின் துடிப்பை வரைந்தவர், கல்லைச் செதுக்கியவர், மலரைத் தீட்டியவர் ஆகியோரின் பெயர்களும் நிற்பதே முறையாகும்.