ஆண்டறிக்கைக்குள் வந்த மின்சாரக் கணக்கு

1988-இல் கம்பெனிச் சட்டத்தில் செய்த ஒரு திருத்தம், ஆலைகளின் மின்சாரக் கணக்கை ஆண்டறிக்கைக்குள் கொண்டுவந்தது. ஜவுளி, சிமென்ட், சர்க்கரை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருந்த நிறுவனங்கள், இயக்குநர் குழு அறிக்கையுடன் ‘படிவம் ஏ’ என்ற அட்டவணையை இணைக்க வேண்டியிருந்தது. வாங்கிய மின்சாரம் எத்தனை யூனிட், யூனிட் என்ன விலை, ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை யூனிட் கிடைத்தது, நிலக்கரியும் ஃபர்னஸ் ஆயிலும் எவ்வளவு எரிந்தன, உற்பத்தியான சரக்கின் ஒரு அலகுக்கு எவ்வளவு மின்சாரம் செலவானது என எல்லாமே எண்கள். சுழற்றிப் பேச அதில் இடமே இல்லை.

போபால் விபத்துக்குப் பின் வந்த 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் இன்னொரு படிவம் சேர்ந்தது. ஆலைகள் தம் தண்ணீர்ச் செலவு, மூலப்பொருள், கழிவு ஆகியவற்றின் கணக்கை ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தர வேண்டும். இது 1990-களின் தொடக்கத்தில் வந்த விதி. மின்சாரக் கணக்கு பங்குதாரருக்குப் போனது. தண்ணீர்க் கணக்கு வாரியத்தின் கோப்புக்குப் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எந்த விதியும் சொல்லவில்லை.

2011-இல் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் ஒன்பது கோட்பாடுகள் கொண்ட தன்னார்வ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றை ஒட்டி, சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் இருந்த பட்டியலிட்ட நிறுவனங்கள் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று 2012-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஆணையிட்டது. இந்த எண்ணிக்கை பின்னர் 500 ஆகி, 2019-இல் 1000 ஆனது. அந்த அறிக்கையின் பெரும்பகுதி, கொள்கை உண்டா, இயக்குநர் குழு ஏற்றதா என்ற ஆம்-இல்லைக் கேள்விகள். போதாக்குறைக்கு, 2013-ஆம் ஆண்டின் புதிய கம்பெனிச் சட்டத்தை ஒட்டி 2014-இல் வந்த விதிகள் படிவம் ஏ-யைக் கைவிட்டன. எரிசக்தியைச் சேமிக்க எடுத்த நடவடிக்கைகளை விவரித்தால் போதும் என்றாயிற்று. அறிக்கை தடித்தது, கணக்கு மெலிந்தது.

எண்கள் திரும்பியது 2021 மே மாதம் செபி அறிவித்த பி.ஆர்.எஸ்.ஆர். என்ற தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கைப் படிவத்தில்தான். 2022-23 நிதியாண்டிலிருந்து முதல் 1000 நிறுவனங்களுக்கு அது கட்டாயமானது. எரிசக்தி, தண்ணீர், கழிவு, பசுங்குடில் வாயு ஆகிய நான்கும் ஒரே அறிக்கைக்குள் வந்தன. அறிக்கை தயாரிக்கும் வேலையில் பெரும்பங்கு பழைய கணக்கைத் தேடி எடுப்பதே. மின்கட்டண ரசீதில் உள்ள யூனிட்டை, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் உமிழ்வுக் காரணியால் பெருக்கினால் அந்த மின்சாரத்துக்கான உமிழ்வு கிடைத்துவிடும். காரணி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, ஆண்டுக்கு ஒரு கோடி யூனிட் வாங்கும் நூற்பாலைக்கு ஏறத்தாழ 7,000 டன்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய படிவமே மேல். அது செலவை உற்பத்தி அலகால் வகுத்தது; புதியது முதலில் கேட்பது விற்றுமுதலின் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்று. நூல் விலை 20 சதவீதம் ஏறினால், ஒரு யூனிட்கூட மிச்சப்படுத்தாத ஆலையின் கணக்கும் ஆறில் ஒரு பங்கு குறைந்து காட்டும். 2023 ஜூலையில் வந்த, புதிய படிவத்தின் ‘கோர்’ பகுதி உற்பத்தி அலகையும் சேர்த்துக் கேட்டு இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது.

அந்தப் பகுதியின் எண்களை வெளியார் ஒருவர் சரிபார்க்கவும் வேண்டும். 2023-24-இல் முதல் 150 நிறுவனங்களோடு தொடங்கிய இந்த விதி, 2026-27-இல் ஆயிரத்தையும் எட்டும்படி வகுக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு தருவோரின் கணக்கைக் கேட்கும் விதியை மட்டும் செபி 2025 மார்ச்சில் தளர்த்தி, விருப்பத்துக்கு விட்டது.