பரவிய புற்றைப் படம் பிடித்த கதை

மலர்க் குழுவினர், "சார், உங்க துறையைப் பற்றி மாணவர்களுக்குப் புரியற மாதிரி ஒரு கட்டுரை கொடுங்க" என்று கேட்டார்கள். இயற்பியல் படித்துவிட்டு, மருத்துவமனை ஒன்றின் அணு மருத்துவப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். நம் சந்திப்புகளில் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "வீட்டில அவளுக்கு மார்பிலே கட்டி, ஆபரேஷன் ஆயிடுச்சு. வேற எங்கேயாவது பரவியிருக்கான்னு வருஷா வருஷம் முழு உடம்பையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டா நிம்மதிதானே?" நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. நூறாண்டுக்கும் மேற்பட்ட கதை அதன் பின்னால் இருக்கிறது.

1889-ல் லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். நோய் கண்ட இடத்திற்கெல்லாம் ஓடவில்லை. ஈரலுக்கும் எலும்புக்கும் தேடிப் போவதுபோல் போயிருந்தது. விதை எல்லாப் பக்கமும் பறக்கும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் விளக்கம் சொன்னார். நம் ஊர் விவசாயிக்கு இது புதிய செய்தியா என்ன? ஆயினும் மருத்துவ உலகம் அப்போது அதற்குக் காது கொடுக்கவில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஹால்ஸ்டெட், 1894-ல் வேறொரு வழியைக் காட்டினார். புற்று படிப்படியாகப் பக்கத்திலிருந்து பக்கத்திற்குப் பரவுகிறது. எனவே மார்பு, அதன் அடியிலுள்ள தசை, அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டி எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கும் என்பது அவர் கொள்கை. ஏறத்தாழ 80 ஆண்டுகள் அதுவே வேதவாக்காக நின்றது. பெண்கள் உயிர் பிழைக்கலாம் என்று கையைத் தூக்க முடியாத நிலையை ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த இருவரில் யார் சொன்னது சரி என்று உயிரோடிருக்கும் நோயாளியிடம் பார்த்துத் தெரிந்துகொள்ள அப்போது வழியில்லை. 1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது, உண்மைதான். ஆனால் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை அரித்துப் போன பிறகுதான் எக்ஸ்ரே படத்தில் குறை தெரியும். வீட்டு உத்தரத்தில் பாதியைக் கரையான் தின்ற பிறகு கண்டுபிடிப்பது போல!

இனி வருவது இயற்பியல், வேதியியல் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. பெர்க்லியில் லாரன்ஸின் சைக்ளோட்ரானில் அடிபட்டு வேண்டாமென்று கழற்றிப்போட்ட ஒரு மாலிப்டினத் தகடு, தபாலில் இத்தாலியின் பலெர்மோ நகருக்குப் போனது. எமிலியோ செக்ரே, கார்லோ பெரியே என்ற இருவர் 1937-ல் அந்தத் தகட்டிலிருந்து, அட்டவணையில் காலியாகக் கிடந்த 43-ஆம் தனிமத்தைப் பிடித்தார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம். டெக்னீசியம் என்ற பெயருக்கே கிரேக்கத்தில் 'செயற்கையானது' என்றுதான் பொருள். மறு ஆண்டு செக்ரேயும் சீபோர்கும் அதன் டெக்னீசியம்-99எம் என்ற வகையைக் கண்டார்கள். அரை ஆயுள் 6 மணி நேரம். காலையில் ஊசி போட்டு மதியம் படம் எடுத்தால், மறுநாள் உடம்பில் அநேகமாக ஒன்றும் மிச்சமிராது.

6 மணி நேரச் சரக்கை ஊர் ஊராக அனுப்புவது எப்படி? அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தார் 1950-களின் இறுதியில் வழி கண்டார்கள். தாய்ப்பொருளான மாலிப்டினம்-99-க்கு அரை ஆயுள் 66 மணி. அதை ஒரு குழாயில் அடைத்து அனுப்பிவிட்டால், மருத்துவமனையில் உப்புக் கரைசலை ஊற்றித் தினமும் டெக்னீசியத்தை இறக்கிக்கொள்ளலாம். எங்கள் பிரிவில் இதற்குப் 'பால் கறப்பது' என்றே பெயர். சாதனத்தின் பெயர் 'பசு'. (கேலியில்லை, உலகெங்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) இதில் வேடிக்கை, இந்தப் பொருளுக்குக் காப்புரிமை வாங்க முயன்றபோது, சந்தையில் விலை போகுமென்று தோன்றவில்லை என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பின்னாளில் உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட மருத்துவ ஐசோடோப்பு அதுதான்!

ஆனால் டெக்னீசியம் தானாக எலும்புக்குப் போகாது. அதற்கு முன் எலும்பைப் படமெடுக்க ஸ்ட்ரான்சியம்-85 பயன்பட்டது. அதன் அரை ஆயுள் 65 நாள். உடம்பில் கதிர்வீச்சு அதிகம் தங்கிவிடும். டெக்னீசியத்தை எலும்புக்கு அழைத்துப் போகும் வாகனத்தை 1971-ல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் இருவர் கண்டறிந்தார்கள். பாஸ்பேட் சேர்மம் ஒன்றோடு டெக்னீசியத்தைக் கோத்துவிட்டார்கள். ஒருவர் ஜான் மெகாஃபி. மற்றவர் பெயர் நம் காதுக்குப் பழக்கமானது: கோபால் சுப்பிரமணியன். 1975-ல் அவர் குழு எம்.டி.பி. என்ற இன்னும் நல்ல வாகனத்தையும் தந்தது. இன்றும் எலும்பு ஸ்கேன் என்றால் பெரும்பாலும் அதுதான். ஹால் ஆங்கர் 1957-ல் செய்த காமா கேமராவும் கைவசம் இருந்ததால், தலை முதல் கால் வரை எலும்புக்கூடு முழுவதையும் ஒரே தடவையில் பார்க்க முடிந்தது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பு ஸ்கேன் புற்றைக் காட்டுவதில்லை. புற்றினால் சிதைந்த எலும்பு தன்னைச் செப்பனிடப் படும் பாட்டைத்தான் காட்டுகிறது. தெருவில் தீ தெரியாது. தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்த கூட்டம் தெரியும். அதனால் மூட்டு வாதமும் கீழே விழுந்து முறிந்து சேர்ந்த பழைய எலும்பும் பளிச்சென்று ஒளிரும். சிகிச்சை நன்றாக வேலை செய்யும்போது சில மாதம் படம் மோசமானது போலவும் தோன்றுவதுண்டு. பயந்துபோய் நல்ல மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

கருவி வந்துவிட்டது, கட்டி எடுத்த எல்லாப் பெண்களுக்கும் ஸ்கேன் எடுக்கலானார்கள். ஆரம்ப நிலையில் வந்தவர்களில் மிகச் சிலருக்கே ஏதாவது தெரிந்தது. இதனிடையே பிட்ஸ்பர்கின் பெர்னார்ட் ஃபிஷர் 1971-ல் தொடங்கிய சோதனையில், ஹால்ஸ்டெட் முறையில் எல்லாவற்றையும் வெட்டியவர்களும் குறைவாக வெட்டியவர்களும் ஒரே அளவில்தான் பிழைத்தார்கள். 25 ஆண்டுக் கணக்கு 2002-ல் வெளிவந்தபோதும் அதே முடிவு. பேஜட்டின் விதைகள் அறுவைக்கு முன்பே பறந்திருக்கலாம் என்றாகிவிட்டது. அப்படியென்றால் அடிக்கடி படமெடுத்து முளையிலேயே பிடித்துவிட்டால் என்ன?

இத்தாலியர்கள் அதையும் சோதித்தார்கள். 1994-ல் இரண்டு ஆய்வுகள் வெளியாயின: ஒன்றில் 1320 பெண்கள், மற்றதில் 1243 பெண்கள். பாதிப் பேருக்கு ஒழுங்காக மார்பு எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன். மற்றப் பாதிக்கு மருத்துவர் கைப்பரிசோதனையும் மேமோகிராமும், தொல்லை ஏதாவது வந்தால் மட்டும் மற்றப் படங்கள். முதல் ஆய்வில் இறந்தவர்கள் ஸ்கேன் எடுத்த தரப்பில் 20 சதவீதம், எடுக்காத தரப்பில் 18 சதவீதம். புள்ளியியல்படி இது வித்தியாசமே அல்ல. இரண்டாவதில் பரவல் முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் ஆயுள் கூடவில்லை. செய்தி தெரிந்துகொண்டு கவலைப்படும் காலம்தான் கூடிற்று. என் துறைக்காரர்கள் பலருக்கு இது கசந்தது. எனக்கென்னவோ, நம் துறை கண்ட மிக நேர்மையான கண்டுபிடிப்புகளில் இதை வைக்கத் தோன்றுகிறது.

பிறகு பெட் ஸ்கேன். 1976-ல் புரூக்ஹேவனில் டட்சுவோ இடோ குழுவினர் கதிரியக்கச் சர்க்கரை செய்தார்கள். அது விமானத்தில் பிலடெல்பியா போய் ஒரு மனிதருக்கு முதலில் ஏற்றப்பட்டது. அரை ஆயுள் 110 நிமிடம்தான், அதனால் அவ்வளவு அவசரம். பசியெடுத்த புற்றணு சர்க்கரையை விழுங்கி ஒளிரும். இங்கே குடத்தோடு வந்த கூட்டமல்ல, தீயே தெரிகிறது எனலாம். 1991-ல் மிச்சிகனில் ரிச்சர்ட் வால் குழுவினர் மார்பகப் புற்றிலும் அதன் பரவலிலும் இதைக் காட்டினார்கள். 2001 முதல் சி.டி.யோடு சேர்ந்து ஒரே எந்திரமாக விற்பனைக்கு வந்தது. பெரிய கட்டி, அக்குளில் பல முடிச்சுகள், விடாத எலும்பு வலி, மூச்சுத் திணறல் என்றால் இது சிகிச்சையையே மாற்றிவிடும், தயங்கவே கூடாது. ஆனால் ஆரம்ப நிலையில், தொல்லை எதுவும் இல்லாதவர்களுக்கு பெட், சி.டி., எலும்பு ஸ்கேன் வேண்டாமென்று அமெரிக்கப் புற்று மருத்துவர் சங்கமே 2012-ல் அறிவுரை சொன்னது. வருடாந்திர மேமோகிராம் வேறு விஷயம், அதை விடக் கூடாது. பந்தி முடிந்து கேட்ட நண்பருக்கு இதுதான் பதில்: வருஷக் கணக்குப் பார்த்து அல்ல, உடம்பு சொல்வதையும் டாக்டர் சொல்வதையும் பார்த்து எடுங்க.

அதே டெக்னீசியத்துக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. 1993-ல் டேவிட் கிராக் 22 பெண்களுக்குக் கட்டியின் அருகில் அதை ஊசியாகப் போட்டு, அக்குளில் அது முதலில் போய்ச் சேரும் முடிச்சை ஒரு சிறிய காமா மானியால் தேடினார். அந்தக் காவல் முடிச்சு சுத்தமாக இருந்தால் மற்ற முடிச்சுகளைத் தொட வேண்டியதில்லை. அதில் புற்று இருந்தாலும், ஒன்றிரண்டு முடிச்சுகளோடு நின்றால் மற்றதை எடுத்தாலும் விட்டாலும் உயிர்க் கணக்கு ஒன்றுதான் என்று 891 பெண்களிடம் நடந்த ஆய்வு 2011-ல் காட்டியது. அவர்கள் மார்பை அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள். அக்குள் முழுவதையும் சுரண்டி எடுத்த காலத்தில் பெண்களை வாழ்நாளெல்லாம் வாட்டிய கைவீக்கம் இப்போது பலருக்கு வருவதில்லை. குடத்தை இடுப்பில் வைக்கவும், கொடியில் துணி போடவும் கை தூக்குகிறார்கள்.