பந்தலுக்குப் பின்புறம்

திருச்சிக்காரர்களுக்குத் திருவையாறு அப்படியொன்றும் தூரமில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் கல்லணை பஸ் ஏறி, வழியில் மாறினால் காவிரிக் கரையோடே போய்விடலாம். தியாகராஜர் ஆராதனையின் ஒரு மாலையில் நானும் அப்படித்தான் போனேன். பாடகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, சில நிமிடங்கள் பாடி, வணங்கி இறங்கினார்கள். அவர்களில் பலர் பெண்கள். அது அங்கே யாருக்கும் புதுமையாகத் தெரியவில்லை. ஆனால் நூறாண்டுக்கு முன் அதே இடத்தில் பெண்கள் பாட அனுமதி இல்லை.

தியாகராஜர் 1847இல் மறைந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருக்கு அஞ்சலி செலுத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து நின்றார்கள். எதில் சண்டை போட்டாலும், பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதில் இரு கட்சிக்கும் ஒரே கருத்து.

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878இல் தேவதாசி மரபில் பிறந்தவர். தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்து, ஆபாசம் என்ற பழியையும் அரசின் தடையையும் சந்தித்தவர். ஒரு பெண் எழுதியதை எப்படி மறைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

தியாகராஜரின் சமாதி பாழடைந்து கிடப்பதாக அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதினார். நாகரத்தினம்மாள் 1921இல் திருப்பணியைத் தொடங்கினார். பாடிச் சேர்த்த பணம் கட்டடமாயிற்று. 1926இல் குடமுழுக்கு நடந்தது. ஆனால் அவர் கட்டிய சந்நிதியின் முன் ஆராதனையில் பாட அவருக்கே இடமில்லை. பெண்ணின் பணம் ஆகும், குரல் ஆகாது.

அவர் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்புறத்தில் தனி ஆராதனை நடத்தினார். அது ‘பெண்கள் கட்சி’ ஆனது. 1940இல் கட்சிகள் ஒன்றுசேர்ந்தன. அதன்பின் ஆணும் பெண்ணும் ஒரே பந்தலில் பாடத் தொடங்கினார்கள்.

வரலாற்றை இந்த வெற்றியோடு முடித்துவிட எனக்கு மனமில்லை. 1947இல் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி ஒழிந்தது. அது வேண்டிய மாற்றம்தான். ஆனால் இசையையும் நடனத்தையும் தலைமுறைகளாகக் காத்த பெண்கள், அந்தக் கலைகளுக்குக் கௌரவம் கூடக் கூட மேடையிலிருந்து விலக நேர்ந்தது. குடும்பப் பெண் பாடினால் பெருமை. அவளுக்கு வழி திறந்தவளின் பிறப்பைப் பற்றிப் பேசினால் கூச்சம். ஒரு கலைஞருக்கு அஞ்சலி செய்யும்போது, அஞ்சலி செய்யும் தகுதி யாருக்கு என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறோம்.

நாகரத்தினம்மாள் இதை முன்பே உணர்ந்திருக்க வேண்டும். தன் சொத்துகளை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தபோது, தேவதாசிகள் உட்பட எல்லாப் பெண்களுக்கும் அங்கே வழிபடவும் பாடவும் உரிமை வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். வெறுமனே ‘பெண்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் யார் விடுபட்டுப் போவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1952இல் மறைந்தார். தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே அவருடைய நினைவிடம் இருக்கிறது. ஆராதனைக்குப் போகிறவர்கள் அங்கேயும் நின்றுவிட்டு வாருங்கள்.